கோழி கூப்பிடும் சத்தம்

"அக்கே, ஒரே ஒரு தரம் செத்துக் காட்டுங்க."

சிங்களத்தில்தான் கேட்டான். கேலி செய்யும் எண்ணம் அவனுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. கடையில் அரைக் கிலோ சீனி கேட்பவனைப் போல மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கூட்டத்தில் அவன்தான் நெட்டை, தலைவனும் அவன்தான். பின்னால் நாலைந்து பேர் நின்று தலையாட்டினார்கள்.

"எனக்குச் சாகத் தெரியாது" என்றேன்.

"ரொம்ப லேசு அக்கே. 'ஐயோ அம்மா'ன்னு ஒண்ணு. அப்புறம் கொஞ்சம் இழுத்து இன்னொண்ணு. மைக்குல சொன்னாப் போதும். ஏத்துறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அதுதான் வினை.

மாத்தளை பெரிய தெருவில், மிளகும் கராம்பும் மூட்டை மூட்டையாக வாங்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கம்பியூட்டர் சென்டர். மாடிப்படி ஏறும்போதே மூக்கில் கராம்பு ஏறும். காலையில் நான் அங்கே டைப்பிங் வகுப்பு எடுப்பேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு அதே எட்டு மெஷின்களையும் வயரால் இணைத்துவிடுவோம், பையன்கள் வந்து சுட்டு விளையாடுவார்கள். நாட்டில் சண்டையை நிறுத்திவைத்திருந்த காலம் அது. ரோட்டோரச் சாவடிகளில் மணல் மூட்டைகள் மட்டும் கிடந்தன, ஆட்களைக் காணோம். வெளியே இல்லாத சண்டை முழுவதும் எங்கள் மாடியில்தான் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். சென்டரில் ஒரு நாள் பகலில் விளையாட்டு ஒன்று கோளாறாகிவிட, என்னவென்று பார்க்க அதன் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே இன்னொரு ஃபோல்டர். அதில் கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் தனித்தனி ஃபைலாக, பெயர் போட்டு, வரிசையாக இருந்தன. விளையாட்டுப் புத்தியில் கதவுச் சத்தத்தை எடுத்துவிட்டு, மைக்கில் நான் கொட்டாவி விட்டதைப் பதிந்து அதே பெயரில் வைத்தேன். விளையாட்டுக்குள் போய்க் கதவைத் திறந்தால், கதவு கொட்டாவி விட்டது! அன்று சிரித்த சிரிப்பில் கீழே மிளகுக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே வந்துவிட்டார்.

அந்த விளையாட்டுக்குத் தன் சத்தத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. பெயர் சரியாக இருந்தால் எதைக் கொடுத்தாலும் ஒலிக்கும். இது தெரிந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. விளையாட்டு சீடியிலேயே புது லெவல் கட்டுவதற்கான கருவியும் இருந்தது. வகுப்பு முடிந்து பையன்கள் வருவதற்கு முன் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் சுவர் எழுப்பி, படி வைத்து, விளக்குப் போட்டு ஒரு லெவல் செய்தேன். கதவுக்கு எங்கள் லயத்துத் தகரக் கதவின் சத்தம். மழைக்கு எங்கள் கூரையில் விழும் மழை. பையன்கள் ஆடிப் பார்த்துவிட்டு, சீடியோடு வந்த லெவல்களை விட இதுதான் நல்லது என்றார்கள். நான் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனேன். கனக்கட்டுமே, யாருக்கு நட்டம்?

அந்தத் தலைக்கனத்துக்குத்தான் இப்போது விலை கேட்டார்கள். பத்து நாளில் சென்டரில் ஒரு போட்டி. அதற்கு நான் ஒரு புது லெவல் செய்ய வேண்டும். அதில் எதிரிகள் செத்து விழும்போது தமிழில் கத்த வேண்டும். அப்போதுதான் 'நிஜம் மாதிரி' இருக்குமாம்.

முடியாது என்று நான் சொன்னதும், நெட்டையன் நேரே முதலாளியிடம் போனான். முதலாளி முஸ்லிம், மாத்தளையிலேயே பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; 'இருக்கு' என்பதை அவர் 'ஈக்கி' என்பார். நல்ல மனுஷன். யாரும் தன்மேல் கோபமாக இருக்கக் கூடாது என்பதற்காக எதையும் செய்கிற அளவுக்கு நல்ல மனுஷன்.

"புள்ள, என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்? விளையாட்டு தானே. எட்டு மெஷினும் அவனுகளால தான் ஓடிட்டு ஈக்கி. ஒரு 'ஐயோ' சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

"அந்த 'ஐயோ'வ நீங்க சொல்றீங்களா நானா? நீங்க பேசுறதும் தமிழ்தானே."

அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"சத்தம் மாத்தத் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும் தான். செய்ய ஏலாட்டி, போட்டி முடிஞ்ச பொறகு நீங்க வரத் தேவல்ல புள்ள. எனக்கும் வேற வழி இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"லெவல் செஞ்சு தர்றேன் நானா. சத்தமும் புதுசாப் போட்டுத் தர்றேன். சாகுற சத்தம் மட்டும் போட மாட்டேன். புடிச்சா வச்சுக்குங்க, புடிக்காட்டி நான் போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, படியில் இறங்கும்போதே அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். எங்கள் லயத்தில் மலைக்குப் போகாமல் நகரத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் நான். அந்த வேலை போனால் மறுநாள் காலை கூடையை மாட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் கூடுதலாக வலிக்கும்.

ஆனாலும் செய்ய மாட்டேன். ஏன் என்று நெட்டையனுக்கு நான் விளக்கவில்லை. விளக்கினால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். இங்கே எழுதலாம்.

எண்பத்து மூன்று ஜூலையில் எனக்குப் பத்து மாதம். நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்த புகை மலையிலிருந்து பார்த்தாலே தெரிந்ததாம். மறுநாள் பகலில் லொறியில் ஆட்கள் தோட்டத்துக்கே வந்தபோது, லயத்துச் சனம் முழுவதும் தேயிலைக்குள் இறங்கிக் குனிந்துவிட்டது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பொழுது சாயும்வரை கையை எடுக்கவில்லை. மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வரும்போது ஒரு விரலை மட்டும் தூக்கிப் பார்ப்பாளாம், நான் சிணுங்கினால் உடனே வைத்துவிடுவாளாம். இதை அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், சோறு வடித்துக்கொண்டே, அரிசி விலையைச் சொல்வது போல.

சத்தம் வரக் கூடாது என்று பொத்திக் காப்பாற்றிய வாய் இது. இதைத் திறந்து, விளையாட வந்தவர்கள் ரசிப்பதற்கு நான் செத்துக் காட்ட வேண்டுமா? என் பிணம்கூட அதைச் செய்யாது.

பஸ்ஸில் போகும்போதுதான் அம்மா சொன்ன கதையின் மிச்சம் ஞாபகம் வந்தது. அந்தப் பகலில் லொறி ஆட்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பது தேயிலைக்குள் கிடந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? மேலே இருந்த பெண்கள் நாக்கைத் தட்டித் தட்டிக் கீழே சொன்னார்கள். ட்டொக், ட்டொக், ட்டொக் என்று, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி.

எங்கள் மலையில் அது தினசரிச் சங்கதி. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு வரிசையில் நிற்பார்கள், அதை நெரை என்போம். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை தலை தெரிந்ததும், அவரை முதலில் பார்த்தவள் நாக்கை மூன்று தரம் தட்டுவாள். அடுத்த நெரைக்காரி அதை வாங்கித் தனக்கு அடுத்தவளுக்குத் தட்டுவாள். உட்கார்ந்து வெற்றிலை போட்டவள் எழுந்துவிடுவாள், சுள்ளி பொறுக்கியவள் அதை வடிகால் கானுக்குள் தள்ளிவிடுவாள். கணக்கப்பிள்ளை வந்து "என்ன சத்தம்?" என்று கேட்டால் "கோழிங்க ஐயா" என்பார்கள். அந்த மலையில் கோழி ஏது? அது அவருக்கும் தெரியும். ஆனால் கோழியைக் கூப்பிட்டதற்காக யாருக்கும் பேர் வெட்டி அன்றைய சம்பளத்தைப் பிடிக்க முடியாதே!

என் லெவலுக்கு இந்தச் சத்தம்தான் என்று பஸ் ரத்தோட்டையைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சரிடம் ஒரு சின்ன கேசட் ரெக்கோர்டர் இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் நீட்டினேன்.

"இதுக்குள்ள என்னாத்தடி சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கணக்கப்புள்ள வந்தா நாக்கத் தட்டுவீங்களே, அதத் தட்டுங்கம்மா."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். லயத்து அறைக்குள் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. தட்டினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது போல ஈரமாக ஏதோ வந்தது. மறுபடி தட்டினாள். அதுவும் சரியில்லை. எனக்குச் சிரிப்பு, அவளுக்குக் கோபம்.

"வீட்டுக்குள்ள எப்படிடி வரும்? நெரையில நின்னாத்தான் வரும்."

சரியென்று லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலைக்கு ஏறினோம். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, வெறும் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டுதான் நிற்பேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையில், ஆளில்லாத மலையில், முழு வேஷத்தோடு என் அம்மா. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ட்டொக், ட்டொக், ட்டொக். அப்படியொரு சுத்தமான சத்தம். பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

அவ்வளவுதான். கீழே தேயிலைக்குள் தடதடவென்று எதுவோ உருண்டது. ஒரு விறகுக் கட்டு. அதை உருட்டிவிட்டுக் கானுக்குள் பாய்ந்து படுத்தவள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. லீவு நாள்தானே என்று தோட்டத்து விறகு பொறுக்க வந்தவள், சத்தம் கேட்டதும் கணக்கப்பிள்ளை வருகிறார் என்று நினைத்துவிட்டாள். படுத்த இடத்திலிருந்தே பழக்கதோஷத்தில் கீழ்ப் பக்கத்துக்கு மூன்று தரம் தட்டியும் விட்டாள். வாங்கிய சத்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதே அவளுக்கு.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைக் கேட்டு எழுந்து வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது.

"கூறுகெட்டவளுகளா! ஞாயித்துக்கெழமையில எவடி கணக்கப்புள்ளைய கூப்புட்டது?"

அவள் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. அதுவும் டேப்பில் பதிந்திருந்தது. எனக்குத் தேவையான இரண்டும் அன்றே கிடைத்துவிட்டன, அம்மா தட்டியதும், கானுக்குள்ளிருந்து வந்த பதிலும்.

திங்கட்கிழமை ரெக்கோர்டரையும் கம்பியூட்டரையும் வயரால் இணைத்துச் சத்தத்தை உள்ளே ஏற்றினேன். லெவலை ஒரு தேயிலை மலையாகக் கட்டியிருந்தேன், வளைந்து வளைந்து இறங்கும் நெரைகளோடு. எதிரிகள் நடந்து வரும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைப் போட்டேன். எதிரி ஒரு கோட்டைத் தாண்டினால் பக்கத்துச் செடிக்குள்ளிருந்து அம்மா தட்டுவாள். அரை வினாடி கழித்து, ஆடுபவனுக்குக் கிட்டத்தில் இருக்கிற செடியிலிருந்து விறகுக்கார அக்கா பதில் தட்டுவாள்.

ஓடவிட்டுப் பார்த்தால் பாழ். சத்தம் வந்தது, ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வந்தது. எல்லாப் பக்கமும் ஆபத்து என்று சொல்வதும் ஒன்றுதான், ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், சத்தம் அழகாக இருக்கட்டும் என்று ஸ்டீரியோவில் ஏற்றியிருந்தேன். இரண்டு காதுக்கும் பங்கு வைத்த சத்தத்துக்கு விளையாட்டு இடம் கொடுப்பதில்லை. மோனோவாக, ஒற்றைத் தடமாக மாற்றியதும் அம்மா இடப்பக்கச் செடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சின்ன ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று கர்வமாகவும் இருந்தது.

எதிரி சாகும் சத்தத்துக்கு வந்தேன். அந்த ஃபைலை அழித்துப் பார்த்தேன், விளையாட்டு பிழை காட்டி நின்றுவிட்டது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமாம். அரை வினாடி மைக்கை அணைத்துவைத்து வெறுமையைப் பதிந்து, அதே பெயரில் வைத்தேன். இனிமேல் யார் விழுந்தாலும் சத்தமில்லாமல் விழட்டும்.

போட்டிக்கு முந்தின நாள் நெட்டையன் ஒரு டிஸ்கட்டோடு வந்தான். நான் செய்ய மாட்டேன் என்றதால் அவனே வீட்டில் கத்திப் பதிந்து கொண்டுவந்திருந்தான். போட்டுக் கேட்டேன். தெரியாத தமிழில், இழுத்து இழுத்து, "ஐயோ அம்மே" என்று. கூட்டாளிகள் சிரிப்பதும் பின்னால் கேட்டது.

"இதையாவது போடுங்க அக்கே."

"போடுறேன்" என்றேன்.

போட்டேன். ஆனால் எதிரியின் பெயரில் அல்ல, ஆடுகிறவன் சாகும்போது ஒலிக்கிற ஃபைலின் பெயரில். அவன் உட்கார்ந்து ஆடத் தொடங்கினான். இரண்டாவது நிமிடம் சுடப்பட்டு விழுந்தான். அவன் குரலிலேயே "ஐயோ அம்மே" என்று கேட்டது. அறை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் காது சிவந்தது. மறுபடி செத்தான், மறுபடி சிரிப்பு. எனக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. நாலாவது தடவைதான் உறைத்தது. இவர்கள் சிரிப்பது அவனைப் பார்த்து அல்ல. அந்த 'ஐயோ'வைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள். எந்தச் சத்தம் இந்த அறையில் ஒலிக்கக் கூடாது என்று வேலையைப் பணயம் வைத்தேனோ, அதை நானே என் கையால் ஏற்றி ஓடவிட்டிருக்கிறேன், ஒருத்தனை மடக்குகிற ஆசையில்.

மெஷினை நிறுத்தி ஃபைலை அழித்தேன். டிஸ்கட்டை அவன் கையில் கொடுத்தேன்.

"இது வேணாம். நாளைக்கு வந்து ஆடு. ஹெட்ஃபோன் கொண்டு வா."

அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். வர மாட்டான் என்று நினைத்தேன்.

வந்தான். எல்லோரும் வந்தார்கள். எட்டுப் பேர் ஆட, சுற்றிலும் பதினைந்து பேர் நின்றார்கள். நானா கீழே மிளகுக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சரியாக நடக்கவில்லை என்றால் நாளைக்கு எனக்குக் கூடைதான் என்பது எனக்கும் அவருக்கும் தெரிந்திருந்தது.

முதல் கால் மணி நேரம் வசவுதான். எதிரி சத்தமில்லாமல் சாகிறான், இது என்ன லெவல்? யார் இது டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருப்பது? வழக்கம் போல ஸ்பீக்கரை அலறவிட்டு ஓடி ஓடிச் சுட்டவர்கள் வரிசையாகச் செத்தார்கள். நெட்டையனும் செத்தான். நான் மேசையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை விளக்கவில்லை.

ஹெட்ஃபோன் போட்டிருந்த ஒருவன்தான் முதலில் கண்டுபிடித்தான். "தட்டுற பக்கத்திலதான்டா ஆள் வர்றான்!" என்று கத்தினான். கத்தியிருக்கக் கூடாது, அவன் கத்தியதில் அடுத்த தட்டல் அவனுக்கே கேட்கவில்லை. பின்னால் வந்த எதிரி அவனைச் சுட்டான்.

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. சுற்றி நின்றவர்கள் தோளைத் தொட்டு ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். இருபத்து மூன்று பேர் இருந்த அறையில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு, ஊர்ப் பேர்கூட அவர்கள் கேள்விப்படாத ஒரு தோட்டத்துப் பெண் எப்போது நாக்கைத் தட்டுவாள் என்று காத்திருந்தார்கள்.

நானா படியில் ஓடி வந்தார்.

"என்ன புள்ள, கரண்ட் போயிட்டா?"

"இல்ல நானா. ஆடுறாங்க."

அவர் வாசலில் நின்று அந்த முதுகுகளை எல்லாம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. "நாளைக்கு எட்டரைக்கு டைப்பிங் கிளாஸ் ஈக்கி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டு வாங்கப் போகவில்லை.

அந்தப் போட்டியில் நெட்டையன் இரண்டாவதாக வந்தான். எல்லோரும் போன பிறகு நின்று, அந்தச் சத்தம் என்ன என்று கேட்டான்.

"முன்னால ஆள் வர்றத பின்னால நிக்கிறவங்களுக்குச் சொல்றது."

"யார் சொல்றது?"

"எங்கம்மா."

அவன் நாக்கைத் தட்டிப் பார்த்தான். வரவில்லை. "நுனிநாக்கு இல்ல, நடுநாக்கு" என்றேன். படியில் இறங்கும்போதும் தட்டிக்கொண்டே போனான். தெருவுக்குப் போன பிறகு ஒன்று சரியாக விழுந்தது.

இரண்டு வருடம் போவதற்குள் நிறுத்திவைத்திருந்த சண்டையை மறுபடி எடுத்துவிட்டார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நகரத்துக்குள் நுழையும் இடத்தில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்க வைப்பார்கள். தோட்டத்து முகவரி என்றால் இரண்டு கேள்வி கூடுதல். வயர் தெரிகிற சாமான் எதுவும் பையில் இருக்கக் கூடாது. நான் சொல்லப்போகிற நாளுக்கு முந்தின வாரம் ஒரு ரேடியோவுக்காக வாத்தியார் ஒருவரைப் பொழுது சாயும்வரை வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள்.

அது தெரிந்தும் அன்று என் பையில் ரெக்கோர்டர் இருந்தது. புது லெவல் ஒன்று செய்துகொண்டிருந்தேன். டேப்பில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் தேயிலைக்குள் தூரத்திலும் கிட்டத்திலும் குனிந்திருந்து மாறி மாறி நாக்கைத் தட்டுவது. முக்கால் மணி நேரம். அதை ஒரு இராணுவக்காரரிடம் விளையாட்டுக்கு என்று சொல்லிப் பாருங்கள்! ஏன் கொண்டுபோனாய் என்று கேட்டால், என் வேலை அது. அவர்களுக்குப் பயந்து நான் சத்தம் பதியாமல் இருக்க முடியாது.

வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். பஸ்ஸை ஏற்கெனவே ஏறிப் பார்த்து முடித்திருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோடு நின்ற இளம் சிப்பாயைப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே நெட்டையனின் முகம். அவனும் என்னைப் பார்த்தான். பார்த்த மாதிரிக் காட்டவில்லை. என் கண் பையின் மேல் போனதையும் பார்த்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவருடைய பையைத் தலைகீழாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

நெட்டையன் ரோட்டைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் தட்டினான்.

ட்டொக், ட்டொக், ட்டொக். நடுநாக்கு. பழகியிருக்கிறான்.

எனக்குள் யோசனை எதுவும் ஓடவில்லை. அம்மாவின் மகள் அல்லவா, வாங்கியதைப் பின்னால் தட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவள் தனக்குப் பின்னால் தட்டினாள். அது வரிசையின் கடைசிவரை போய்விட்டது. அதிகாரி கொட்டிய பையைக் கிளறிக்கொண்டிருந்தார், நெட்டையன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்; நான் குடையை மறந்துவிட்டதாகக் கொண்டக்டரிடம் சொல்லி, பஸ்ஸில் ஏறி, ரெக்கோர்டரை என் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, குடையோடு இறங்கி வந்தேன்.

அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"என்ன சத்தம் அது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நெட்டையன் துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றினான். அப்போது எனக்குப் பின்னாலிருந்து விறகுக்கார அக்காவின் குரல் வந்தது. அவளுக்கும் சிங்களம் தெரியும், வாயும் உண்டு.

"கோழி, மாத்தயா."

அதிகாரி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். மணல் மூட்டை, முள்ளுக்கம்பி, நின்றுகொண்டிருந்த பஸ். ஒரு இறகுகூட இல்லை.

"எங்கே கோழி?"

"காணாமத்தானே மாத்தயா கூப்புடுறோம்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்து, சோற்றுப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, போகச் சொன்னார். நெட்டையனைக் கடக்கும்போது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நெரையில் யாரும் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

பஸ்ஸில் ஏறி சீட்டுக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். இருந்தது. அன்று டைப்பிங் வகுப்பு முடிந்ததும் சென்டரில் வயரைச் சொருகி, ஏழு பெண்களையும் மோனோவில் ஏற்றி, ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு செடிக்குள் வைத்தேன். சாகும் சத்தத்துக்கான ஃபைலையும் ஒருமுறை திறந்து பார்த்தேன். அரை வினாடி வெறுமை. அதை அப்படியே மூடிவைத்தேன்.